கார்த்தி தனியாக டீ வாங்கப் போகிறான்

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, ராகிக் கஞ்சி குடித்துவிட்டு, வழக்கமான டவுன் பஸ்ஸில் ஏறினேன். சேலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் அறை. ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் வருகிறவரின் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பென்சில்களைச் சீவி வைத்தேன். கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, அந்த அறையில் உளவியல் மதிப்பீடுகள் மட்டும் செய்துவந்தேன். இப்போது அதையும் நிறுத்திவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சோதனைகளை எப்படி நடத்துவது, மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவை பாடத்தில் இருக்கின்றன. பாடத்தில் இல்லாத ஒன்று அன்றைக்கு நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அன்று காலை வந்தவர்கள் சங்ககிரியிலிருந்து ஒரு குடும்பம். பழனிச்சாமி சொந்தமாகச் சில லாரிகள் வைத்து ஓட்டுபவர். அவர் மனைவி சரஸ்வதி. அவர்களுடைய மகன் கார்த்தி, வயது இருபத்தேழு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். மூத்தவள் நித்யா ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறாள். பெற்றோரையும் தம்பியையும் தன்னிடமே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தாள். அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகம் கேட்டது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: இந்த இளைஞனால் தானாக என்னென்ன செய்துகொள்ள முடியும், எவ்வளவு உதவி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும்? உதவி அதிகம் தேவை என்று வந்தால் மூவருடைய விண்ணப்பமும் சேர்ந்து விழும். மகனை விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் போக வழி கிடையாது.

பழனிச்சாமி இதை மறைக்கவில்லை. உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார்.

“ஏனுங் மேடம், நீங்க எழுதறதுலதான் எல்லாம் இருக்குதாமா? ஆஸ்திரேலியாவுல இருக்கற என்ற புள்ள சொல்றா.”

“நான் பாக்கறத எழுதுவேன்.”

“நல்லாப் பாருங்க. அதுதானுங்க நானும் சொல்றேன். நல்லாப் பாத்து எழுதுங்க.”

கார்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாரிய தலை, திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை. “அக்கா, நீங்க டீ குடிப்பீங்களா? நான் வாங்கியாரேன்” என்றான். அப்பா பெருமையாக என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகைக்குச் சான்றிதழ் வாங்க வரும் குடும்பம், பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டிலிருந்து வந்தால், ஒரு குறையும் இல்லை என்று சொல்லும். வெளிநாட்டு விண்ணப்பம் என்றால், வக்கீல் எதைச் சொல்லச் சொன்னாரோ அதைச் சொல்லும். இவர்களை எல்லாம் பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் நம்மிடம் பதில் சொல்லவில்லை. நமக்குப் பின்னால் நிற்கிற அலுவலகத்திடம் கெஞ்சுகிறார்கள். அதனால் நான் முதலில் பழனிச்சாமியையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன்.

சோதனைகளில் கார்த்தி செய்தது குறைவு. கட்டைகளை அடுக்கும்போது பாதியில் நிறுத்தி, நான் சிரிக்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான். ஆனால் அன்றாடக் காரியங்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டபோது கிடைத்த பதில்கள் வேறொரு ஆளைப் பற்றியவை போல இருந்தன. தானே குளிப்பான். லாரி ஷெட்டில் எல்லாருக்கும் டீ வாங்கி வருவான். சர்வீஸ் ரோட்டைத் தனியாகக் கடப்பான். மீதிச் சில்லறை சரியாகக் கொண்டுவந்து கொடுப்பான். தார்ப்பாய்க் கயிறு கட்டுவான். டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று சரியா என்று சொல்லுவான்.

நான் இருபது ரூபாயை அவனிடம் கொடுத்து, கீழே கடையில் எனக்கு ஒரு டீ வாங்கி வரச் சொன்னேன். சந்தோஷமாக இறங்கிப் போனான். ஜன்னலில் நின்று பார்த்தேன். கடைசிப் படியில் நின்றுவிட்டான். ரூபாயை நீட்டிப் பிடித்தபடி, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அப்படியே நின்றான். சரஸ்வதி இறங்கிப் போய் அழைத்து வந்தார்.

“புது எடமுங்க” என்றார் பழனிச்சாமி. முகம் சுருங்கிவிட்டது. “எங்க ஷெட்டுக்கு வந்து பாருங்க மேடம். அப்புறமேட்டுக்கு எழுதுங்க.”

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த ஒருவரின் பெயரையும் முகத்தையும் விட அவருடைய ஒரு பழக்கம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. சோதனை ஒன்று சொல்லி, வீட்டார் வேறொன்று சொன்னால், அவர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று மதியம் நானும் ஈரோடு பஸ்ஸில் ஏறிச் சங்ககிரியில் இறங்கினேன். என்றைக்கு வருவேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அதே நாளில் வருவேன் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

ஷெட் நெடுஞ்சாலையை ஒட்டியது. முன்னால் சர்வீஸ் ரோடு, அதற்கு அந்தப்பக்கம் ஒரு பேக்கரி. ஷெட்டை ஒட்டினாற்போல் அன்வர் பாயின் டயர் கடை. இரண்டு லாரிகள் நின்றன. டிரைவர்கள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்கள். கார்த்தி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, “அக்கா, இப்ப டீ வாங்கியாரேன், நீங்க இங்கயே இருங்க” என்றான். இது காலையில் பார்த்த கார்த்தி இல்லை. தோள் நிமிர்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய ஃப்ளாஸ்க்கை எடுத்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், கழுவினான், கிளம்பினான்.

“பாத்தீங்களா மேடம்? ஒருத்தருஞ் சொல்லித் தரலீங்க” என்றார் பழனிச்சாமி. அப்போது அவருக்கு போன் வந்தது. லோடு விஷயம். பேசிக்கொண்டே உள்ளே போனார்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்தி ஷெட் வாசலைத் தாண்டினான். டயர் கடையிலிருந்து அன்வர் பாய் வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எங்கோ வேலையாகப் போகிறவர் மாதிரி, வண்டிகள் வரும் பக்கமாக அவனோடு சேர்ந்து நடந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பேக்கரியில் கார்த்தி ஃப்ளாஸ்க்கை மேடையில் வைத்தான். எத்தனை டீ என்று கடைக்காரர் கேட்கவில்லை. கார்த்தியின் சட்டைப் பையிலிருந்து தானே நோட்டை எடுத்தார், மீதியை அதே பையில் போட்டார். பாய் விளம்பரப் பலகையை வாசித்தபடி நின்றார். பிறகு இருவரும் முன்போலவே திரும்பி நடந்தார்கள்.

அந்தச் சாயங்காலம் முழுக்க இப்படியேதான். கார்த்தி தார்ப்பாய்க் கயிறு கட்டினான். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் ஒருவர் பீடி பற்றவைக்க வந்தவர் போல வந்து, அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். கார்த்தி டயர்களைத் தட்டி “காத்து சரி” என்றான். அந்த டயர்களுக்குப் பாய் ஏற்கெனவே காற்று பார்த்திருந்தார். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. மூச்சு விடுகிற மாதிரி செய்தார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். டீயை ஊற்றிக் கொடுத்தபோது, சர்க்கரை இல்லாதது யாருக்கு என்பது கார்த்திக்குத் தெரிந்திருந்தது. டிரைவர் ஒருவர் சுணங்கிப் படுத்திருந்ததை முதலில் கவனித்தவனும் அவன்தான். போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “சுடுது” என்று அப்பாவிடம் சொன்னான். இவற்றில் யாருடைய உதவியும் இல்லை. குறைவாக எழுதுவதும் தவறான மதிப்பீடுதான். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் டயர் கடைக்குப் போனேன்.

“பாய், பேக்கரிக்கு எதுக்குப் போனீங்க?”

“டீ குடிக்கத்தான்.”

“நீங்க குடிக்கலையே?”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “நல்லாத்தான் பாக்கறீங்க. போலீஸ்ல இருந்தீங்களா?”

“எவ்வளவு வருசமா இப்படிப் போறீங்க?”

“அவனுக்கு மீசை மொளைக்கறதுக்கு முந்தியே இருந்துங்க. ஒருக்கா பஸ்ஸுக்கு முன்னாடி போய் நின்னுட்டான். நாந்தான் இழுத்துப் போட்டேன். பழனிச்சாமி அண்ணன் அன்னிக்கு மெட்ராஸ் போயிருந்தாரு. வந்தவரு, ‘பாய், பையன் தனியா டீ வாங்கியாரான்’னு ஊரெல்லாம் சொன்னாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?”

“அவருக்குத் தெரியவே தெரியாதா?”

“அவரு போன்லயே இருக்கற மனுசன். நாங்களும் அவருக்குத் தெரியாமத்தான் பண்றோம்.” ஒரு டயரை உருட்டி ஓரமாகச் சாய்த்தார். “நீங்க எழுதிப்போட்டுடாதீங்க. அவங்க போகோணும். நல்லா இருக்கோணும்.” பிறகு டயர் கழற்றும் லிவரைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார். “ஆனா அங்க ரோட்டுல அவங்கூட யாருங்க நடப்பா?”

ஆக, பழனிச்சாமி என்னிடம் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. தான் கண்ணால் பார்த்ததையே சொன்னார். தந்தைக்குக் கூடத் தெரியாமல் ஒரு ஷெட் முழுக்கச் சேர்ந்து மகனைத் திறமைசாலியாக வைத்திருந்தது. இத்தனை வருட வேலையில் நான் பார்த்திராத தவறு அது. அதைத் தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கிளம்பும் முன் பழனிச்சாமி நித்யாவை வீடியோவில் கூப்பிட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு, லாரி வாடகை வசூலுக்குக் கிளம்பிப் போனார். சரஸ்வதி மட்டும் பக்கத்தில் இருந்தார். நான் பார்த்ததை நித்யாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவளாகவே ஏதோ ஊகித்துவிட்டாள் போலும்.

“மேடம், நான் பொய் எழுதச் சொல்லல. எழுதாம விட முடியறத விட்ருங்கன்னுதான் கேக்கறேன்.”

நம் வேலையில் அதிகம் வரும் வேண்டுகோள் இதுதான். மிகவும் நியாயமாக ஒலிப்பதும் இதுதான்.

“நித்யா, அங்க வந்த முதல் வாரம் கார்த்தி டீ வாங்கக் கிளம்பினா என்ன பண்ணுவீங்க?”

“நான் கூடப் போவேன்.”

“நீங்க வேலைக்குப் போயிருந்தா?”

“அம்மா போவாங்க.”

சரஸ்வதி போனுக்குள் எட்டிப் பார்த்தார். “நானா? அந்த ஊருல எனக்கே ஆராச்சும் கூட வரோணும் அம்மணி.”

நித்யா சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதாள். “எல்லாஞ் சரிங்க மேடம். இவங்க ரெண்டு பேருக்கும் அப்புறம்? அவன் அங்க இருக்கான், நான் இங்க இருக்கேன். அப்ப என்ன பண்ணட்டும்? அதுக்கும் ஒரு கேள்வி உங்க பேப்பர்ல இருக்குதா?”

இல்லை. அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. அதையே அவளிடம் சொன்னேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சரஸ்வதி என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில் சொன்னார்.

“நீங்க பாயைப் பாத்துட்டீங்களாட்டம் இருக்குது.”

நான் நின்றுவிட்டேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமுங்களா? பேக்கரிக்காரர்கிட்ட மாசம் பொறந்தா ஒரு தடவை நானே போய்ச் சொல்லிட்டு வருவேன், கோவிச்சுக்காதீங்கன்னு. அவரு, அதுக்கென்னங்க்கா, நம்ம பையன்தானேன்னுருவாரு.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “பாய்க்கும் வயசாவுது, எனக்கும் வயசாவுது. அதனாலதானுங்க போயிறலாமுன்னு நானே சொன்னேன். கார்த்தி அப்பாவுக்கு ஊரை உட்டு வர மனசே இல்ல.”

“நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும். கார்த்தியால முடியறதும் வரும், முடியாததும் வரும்.”

“எழுதுங்க.” பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனா கார்த்தி அப்பா அத இங்கிலீசுல, ஆரோ படிச்சுச் சொல்லித் தெரிஞ்சுக்கறாப்புல பண்ணிறாதீங்க. சொன்னாலும் நம்ப மாட்டாங்க. காட்டிருங்க.”

அந்த இரவு அறிக்கைக்குக் குறிப்புகள் எடுத்து வைத்தேன். எதை எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கார்த்தி எங்கே வாழ வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. அந்த ஆசை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அவனால் தானாக ஆவதும், ஆள் பக்கத்தில் இருந்தால் ஆவதும், எப்படியும் ஆகாததும் தனித்தனியாக வர வேண்டும். அவ்வளவுதான். ஒரு வரியை விட்டுவிட்டால் அறிக்கையில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்த அறிக்கையை நம்பி யாரோ ஒருவர் அவனைத் தெருவில் தனியாக அனுப்புவார்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. என் அறிக்கை அதற்கு முக்கியக் காரணம். பிள்ளையும் பெற்றோரும் இன்று சங்ககிரியில்தான் இருக்கிறார்கள். நித்யாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. சரியாக எழுதிய அறிக்கையால் எல்லாருக்கும் நன்மை வரும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்திருந்தால், அந்த நம்பிக்கையைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். சரியாக எழுதுவதற்குக் காரணம் அது இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை, அறையைத் திறக்காமல் முதலில் சங்ககிரிக்குப் போனேன். பழனிச்சாமியை ஓரமாகக் கூப்பிட்டு, சாலையைப் பார்த்து நிறுத்தியிருந்த லாரியின் கேபினில் கொஞ்ச நேரம் என்னோடு உட்காரச் சொன்னேன். ஏறத் தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, “காலை அக்கட்ட, அந்தப் படியில வைங்க மேடம்” என்று சிரித்தார். அவர் ஸ்டியரிங் பக்கம், நான் இந்தப்பக்கம். கார்த்தி ஃப்ளாஸ்க்கோடு கிளம்பினான். பழனிச்சாமி என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க” என்றேன்.

பாய் லிவரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். வண்டிகள் வரும் பக்கமாக நடந்தார். பேக்கரிக்காரர் பையிலிருந்து நோட்டை எடுத்தார், மீதியைப் போட்டார். பாய் விளம்பரப் பலகையை வாசித்தார். இருவரும் திரும்பி வந்தார்கள்.

பழனிச்சாமியின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“எப்ப இருந்துங்க?”

“பாயைத்தான் கேக்கணும்.”

“ஊட்டுல தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப எனக்குத்தான் தெரியல.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டார். “எழுதிப்போடுங்க மேடம். ஒண்ணையும் உடாதீங்க. நித்யாகிட்ட நான் பேசிக்கறேன்.” கதவைத் திறந்தவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். “எழுதறதுல பாய் பேரு வருமுங்களா?”

“பேர் வராது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் என்று வரும்.”

“அது பத்தாதுங்களே” என்றார்.

இறங்கிப் போனார். கார்த்தி முதல் டம்ளரை ஊற்றி அப்பாவிடம் நீட்டினான். அதை வாங்கி, டயர் கடைக்குள் கொண்டுபோய், பாயின் கையில் கொடுத்தார்.